இரண்டாவது வண்டி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், அதாவது என் சகலை, பேசத் தெரிந்தவன். இதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கிருக்கும் கஷ்டம். குடிக்கிறான், பெண்டாட்டியை அடிக்கிறான் என்றால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். நன்றாகப் பேசுகிறான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இருவருக்கும் வேன் ஓட்டுவதுதான் தொழில். பெரம்பலூரில் ஒரே இடத்தில்தான் வண்டியை நிறுத்துவோம். கல்யாணம், காதுகுத்து, பழனி, வேளாங்கண்ணி என்று ஒரே மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தோம். நாலைந்து வருஷமாக அவனுக்கு மட்டும் வேறு விதமான சவாரி வருகிறது. ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர் கல்மரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று எங்கள் பக்கத்து இடங்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போய், கூடவே இறங்கி நடந்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறான். வண்டிக்குள் மைக் வேறு மாட்டியிருக்கிறான். இறங்கும்போது அவர்கள் அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என்னோடு இதுவரை ஒருவரும் எடுத்துக்கொண்டதில்லை. என் சவாரிக்காரர்கள் இறங்கியதும் சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுவதோடு சரி.

அந்த இடங்களெல்லாம் எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் டிரைவருக்கு நேரம் நிறைய உண்டு. சவாரிக்காரர்கள் உள்ளே போனதும் மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். நான் அறிவிப்புப் பலகையின் முன்னால் போய் நிற்பேன். ஒரு பலகையைப் படித்து முடிக்க எனக்கு மூன்று சவாரி ஆகும். வாலிகண்டபுரம் கோயில் பலகைக்கு ஐந்து சவாரி ஆனது, அதில் பாதி எழுத்து அழிந்திருந்தது. அப்படிப் படித்தது மனதில் நின்றுவிடும். என் சகலை பத்தாவது படித்தவன். அவன் ஒரு பலகையின் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. பலகையில் சாய்ந்து நின்று பார்த்திருக்கிறேன்.

தெரிந்து என்ன பிரயோசனம்? நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் வாயில் எச்சில் வற்றிவிடும். பெண் பார்க்கப் போனபோது மாமனார் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் என் அண்ணன்தான் பதில் சொன்னான். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிங்கத்தின் உருவத்துக்குள் புகுந்து படியிறங்கிப் போகும் கிணறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் படித்ததை ஒருநாள் டீ குடிக்கும்போது என் சகலையிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் ஒருவன்தான் எதிரில் இருந்தான், அதனால் சொல்ல வந்தது. அடுத்த வாரமே அந்தச் சிங்கம் அவன் வாயில் கர்ஜிக்க ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒரு ராணி அதற்குள் ஒளிந்திருந்தாள் என்று ஒரு ராணியையும் சேர்த்திருந்தான். அன்றைக்கு அவனோடு போட்டோ எடுத்தவர்கள் பதினேழு பேர். நான் எண்ணினேன்.

என் மகள் அரியலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். இரண்டாம் வருஷம். போன தை மாதம் ஒருநாள் காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, எங்க கிளாஸ்ல டூர் போறோம். ஒரு நாள்தான். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் இருக்கறதப் பாக்கறோம். மேடம் என்னைய வண்டி பாக்கச் சொன்னாங்க."

எனக்கு உள்ளே குபுக்கென்று ஒரு சந்தோஷம். "எத்தன பேரும்மா?" என்றேன்.

"முப்பத்தெட்டு பேரு. சித்தப்பாட்ட சொல்லிட்டேன்."

சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள். "ஒரு வண்டி பத்தாதுல்ல. ரெண்டாவது வண்டிக்கு ஒங்கப்பாவயே வரச் சொல்லுன்னு சித்தப்பாதான் சொன்னாரு."

அவன் சொல்லித்தான் என் மகளுக்கு என் வண்டி ஞாபகம் வந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அவரு வந்தா எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லுவாரு. படிக்கிற புள்ளைங்களுக்கு நல்லதுதானே" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும்தான் போறீங்களே" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். அன்றைக்கு ஏதாவது ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவை, என் மகள் தன் சிநேகிதிகளிடம் "இதெல்லாம் எங்கப்பாவுக்குத் தெரியும்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். வண்டியைக் கழுவி, சீட்டு உறைகளை எல்லாம் துவைத்துப் போட்டேன். என் பக்கத்து சீட்டை நல்ல துணியால் இரண்டு தடவை துடைத்தேன்.

டூர் அன்று காலை கல்லூரி வாசலில் பெண்கள் எல்லோரும் முதல் வண்டியை நோக்கித்தான் ஓடினார்கள். மைக் இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிட்டது. இடம் கிடைக்காதவர்கள் என் வண்டிக்கு வந்தார்கள். மேடம் முதல் வண்டியில் ஏறினார். என் மகளும் அதில்தான் ஏறினாள். "நான்தாம்ப்பா பொறுப்பு, மேடம் கூட இருக்கணும்" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் தன் பையை வைத்தாள்.

ரஞ்சன்குடிவரை நான் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கண்ணாடி வழியாகப் பெண்கள் கைதட்டுவது தெரிந்தது. என் வண்டியில் எல்லோரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் "அண்ணா, உங்க வண்டியில பாட்டு கூட இல்லியா?" என்று கேட்டாள். இருந்தது. பதற்றத்தில் போட மறந்திருந்தேன். போட்டால், அது அய்யப்பன் பாட்டு.

கோட்டையில் என் சகலை அகழிக்கரையிலேயே ஆரம்பித்துவிட்டான். எந்தக் கோட்டைக்குப் போனாலும் அவனுக்கு ஒரு சுரங்கம் கிடைத்துவிடும். "இந்தச் சொரங்கம் எங்க போவுது தெரியுமா? நேரா திருச்சி. குதிரையில ஏறி ஒருத்தன் உள்ள போனா, விடியறப்ப காவேரில தண்ணி காட்டலாம்."

"திருச்சி அறுவது கிலோமீட்டருக்கு மேல இருக்கே அண்ணா?" என்றாள் ஒருத்தி.

"அதாம்மா, அந்தக் காலத்துக் குதிர" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நான் கடைசி ஆளாகப் படியேறிக்கொண்டிருந்தேன். மேலே போகிற வழியில் ஒரு படி ஆடும் என்று எனக்குத் தெரியும். அதன்மேல் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகும்வரை இருந்தேன். நான் ஏன் நடுவழியில் நிற்கிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. "அண்ணா, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மகளும் தாண்டிப் போனாள். சித்தப்பா சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டே போனாள்.

சிறுவாச்சூரில் சாப்பாடு. அங்கே அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். நாங்கள் போனது சனிக்கிழமை. பூட்டிய கோயிலைக் காட்டியே என் சகலை கால்மணி நேரம் பேசினான். மற்ற நாளெல்லாம் அம்மன் மலைக்குப் போய்விடுவதாக எங்கள் பக்கத்தில் சொல்வதுதான். அவன் சொல்லும்போது அம்மன் எந்தப் பஸ்ஸைப் பிடிப்பாள் என்பது மட்டும்தான் பாக்கி. மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். என் மகள் எனக்கும் இலை போட்டாள். அவனுக்கு இரண்டாவது அப்பளம் வைத்தாள். எனக்கு ஒன்றுதான் வைத்தாள். அப்பளம் எனக்கு ஆகாது, வயிற்றைப் பொருமும், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்த்தோம். கம்பி வேலிக்குள் அது ஓடை ஓரமாகப் படுத்திருக்கிறது. ஒருகாலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல், அந்தக் கடலுக்குள் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லான மரம் அது. அங்கிருக்கும் பலகையை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நாம் நெல்லும் பருத்தியும் சோளமும் போடுகிற மண் கடலாக இருந்திருக்கிறதே என்று. என் சகலை அந்தக் கடலை விட்டுவிட்டான். "இந்த மரத்து நெழல்லதான் டைனோசர் படுத்துத் தூங்கும்" என்றான். பெண்கள் டைனோசர் மாதிரி கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

அதுவரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். அடுத்த இடம்தான் பொறுக்கவில்லை.

சாத்தனூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் ஓர் ஊரில், ஏரிக்கரை வேம்பின் அடியில் ஒன்பது உருண்டைக் கற்கள் இருக்கின்றன. பெரியது பூசணிக்காய் அளவு, சின்னது தேங்காய் அளவு. எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கும். வேன் ஓட்டப் பழகுவதற்கு முன்னால் நான் கிணறு வெட்டும் செட்டில் வேலை செய்தேன். எங்கள் பக்கத்து மண்ணில் முப்பது நாற்பது அடிக்குக் கீழே சில இடங்களில் இப்படி உருண்டைக் கல் வரும். அப்படி வந்தால் வெட்டிய மண்ணோடு கொட்டமாட்டோம். நிலத்துக்காரர் அதைக் கழுவி, மரத்தடியில் வைத்து, சூடம் காட்டி, தண்ணீர் வரவேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு வெட்டச் சொல்வார். அந்த ஏரிக்கரைக்குப் பக்கத்துக் காட்டில் நாங்கள் வெட்டிய கிணற்றில் கல் வந்த அதே வாரம் தண்ணீரும் வந்துவிட்டது. பிறகு யார் கிணற்றில் உருண்டைக் கல் வந்தாலும் அங்கே கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பூசணிக்காய்க் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைத்தவன் நான்.

எங்கள் பக்கம் டைனோசர் எலும்பு கிடைக்கிறது என்ற பேச்சு பரவியதும் அந்தக் கற்கள் முட்டையாகிவிட்டன. ஊர்க்காரர்களே அப்படித்தான் சொன்னார்கள். என் சகலை அதைப் பிடித்துக்கொண்டான். அவன் கூட்டிவரும் ஆட்களை நம்பி அங்கே ஓர் அம்மாள் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருப்பார்.

வண்டி நிற்பதற்கு முன்பே அவன் மைக் சத்தம் என் வண்டிக்குக் கேட்டது. "இப்பப் பாக்கப்போறது ஒரு முட்ட. எதோட முட்டன்னு நான் சொல்லமாட்டேன். எறங்கிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

பெண்கள் கற்களைச் சுற்றி நின்றார்கள். "இது பொரிக்குமா அண்ணா?" என்றாள் ஒருத்தி.

"பொரிச்சா நீ இப்பிடி நின்னு கேட்டுக்கிட்டிருப்பியா?"

"நாங்க போறவரைக்கும் பொரிக்காம பாத்துக்கங்க அண்ணா."

என் மகள் பெரிய கல்லின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அதைத் தடவிக்கொண்டே தன் சிநேகிதியிடம் சொன்னாள். "இத மொதமொதல்ல கண்டுபுடிச்சதே எங்க சித்தப்பாதான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவன் அப்படி எப்போதாவது சொல்லியிருப்பான், அவள் நம்பியிருப்பாள். ஆனால் அந்தக் கல்லின் கனம் என் தோளில் அப்படியே ஏறி உட்கார்ந்தது.

"அது முட்ட இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. முப்பத்தெட்டுப் பெண்களும் திரும்பினார்கள். "கெணத்துல வந்த கல்லு. இந்தப் பெரிய கல்ல நாந்தான் தூக்கியாந்து வச்சேன்."

மேடம் பக்கத்தில் வந்தார். "எந்தக் கெணறுங்க?"

"தோ, அந்தப் பருத்திக் காட்டுக்கு அந்தாண்ட. இருவது வருசம் இருக்கும். இந்த மாதிரிக் கல்ல நாங்க ஒடச்சுப் பாத்திருக்கோம். சிலதுல நத்த மாதிரி சுருள் இருக்கும். சிலதுல ஒண்ணும் இருக்காது."

"கடல்ல வாழ்ந்ததோட படிவம்" என்று மேடம் பெண்களிடம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு ஆர்வம். ஆனால் பெண்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் என் சகலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணா, அப்ப இது டூப்பா?"

"அப்ப அந்தச் சொரங்கம்?"

"குதிரையும் டூப்பா அண்ணா? நான் நோட்ல எழுதிட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். "இல்லம்மா, ஊர்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றான். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் வண்டிக்குப் போய்த் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் என்னைச் சும்மா விடவில்லை. "ஏன்யா, நீ வண்டி ஓட்ட வந்தியா, வாய் பேச வந்தியா? முட்டைன்னா நாலு பேரு நிப்பாங்க. கல்லுன்னா எவன்யா நிப்பான்? கல்லுதான் அவனவன் வூட்டு வாசல்லயே கெடக்கே."

எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. மறைத்து என்ன, உள்ளே குளுகுளு என்றிருந்தது. அரியலூர் தாண்டி, ஜெயங்கொண்டம் தாண்டிப் போகும்வரை முன்வண்டியில் மைக் சத்தம் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கைதட்டவும் இல்லை. என் வண்டியிலிருந்த பெண்கள் என்னிடம் கிணற்றைப் பற்றி இரண்டொரு கேள்வி கேட்டார்கள். சாலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல முடிந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக வண்டி ஓட்டியதில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கியபோது மணி ஐந்து இருக்கும். என் சகலை கோயிலுக்குள் வரவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் நந்திக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றார்கள். மேடம் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரியும்போல இருக்கு."

நான் வாரம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். என் மகள் முன்வரிசையில் நின்றாள். நோட்டைத் திறந்து, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். அந்தக் கோயில் பலகை எனக்கு வரிவரியாகத் தெரியும். கண்ணை மூடினால் எழுத்து தெரியும். வாயைத் திறந்தேன்.

"இந்தக் கோயில்" என்றேன். பிறகு முப்பத்தெட்டு முகங்களையும் பார்த்துவிட்டேன். "இந்தக் கோயில் பெரிய கோயில்."

அதற்கு மேல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருத்தி லேசாகச் சிரித்தாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள். மேடம், "பரவால்லண்ணே, பரவால்ல" என்றார். என் மகள் நோட்டை மெதுவாக மூடினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்காக வேறு பக்கம் பார்த்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவளே வாசலுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க சித்தப்பா, வாங்க" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

அவன் வந்தான். கொஞ்ச நேரம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு பெண்களை எல்லாம் புல்தரைக்குப் பக்கத்தில் கல் பாவிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான்.

"காலு சுடுதா?"

"இல்லண்ணா."

"ஏன் சுடல?"

"நெழல்ல நிக்கறோம்ல."

"யாரோட நெழலு?"

"கோபுரத்தோட நெழல்" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

"இந்தக் கோபுரத்து நெழலு தரையில விழவே விழாதுன்னு நான் இத்தன வருசமா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். இந்த நெழல்லயே நிக்க வச்சுத்தான் சொல்லுவேன். ஒருத்தரும் குனிஞ்சு பாத்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னிக்கு எங்க சகல வந்திருக்காரு பாருங்க, அதான் விழுந்திருச்சு."

அங்கே எழும்பிய சிரிப்பு புறாக்களைக் கிளப்பிவிட்டது. மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்க நான் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தன்னைத் தானே பொய்யன் என்று சொல்லிக்கொண்டு, அதற்கும் கைதட்டல் வாங்கிவிட்டான். உண்மையைச் சொல்லி நான் வாங்கியது வெள்ளரிப்பிஞ்சு அம்மாளிடம் திட்டு. போட்டோ எடுக்கும்போது அவன், "சகல, வாங்க, வந்து நில்லுங்க" என்று என்னையும் கூப்பிட்டான். கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

திரும்பும்போது என் மகள் என் வண்டியில் ஏறினாள். பையை எடுத்துவிட்டு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். உடையார்பாளையம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையோரம் முந்திரிக் காடுகள் இருண்டுகொண்டு வந்தன. பின்னால் பெண்கள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

"தெரியும்னா காலையிலேர்ந்தே சொல்லிட்டு வந்திருக்கலாம்லப்பா" என்றாள். "நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

நான் கியரை மாற்றினேன்.

"அவரு சொன்னது தப்புதான். ஆனா நீங்க அந்தத் தப்புக்காகச் சொல்லல. இல்லப்பா?"

எனக்கு முகம் சூடேறியது. இருட்டில் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கி அவர்ட்ட ஒரு வார்த்த பேசிருங்க" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நாலு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் அவனே போன் செய்தான். "சகல, ஞாயித்துக்கெழம ரெண்டு வண்டி வேணும். திருச்சிலேர்ந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. வந்துருங்க."

அவன் குரலில் ஒன்றுமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெரிய மனுஷனாக இருப்பதிலும் அவன் என்னை முந்திக்கொண்டுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னுடையது இரண்டாவது வண்டிதான். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் நானும் இறங்கிப் போனேன். என்ன சொல்லப்போகிறான் என்று ஓரமாக நின்றேன்.

"இதப் பாத்து டைனோசர் முட்டைன்னு சிலபேரு சொல்லுவாங்க. நம்பாதீங்க" என்றுதான் ஆரம்பித்தான். "இது கல்லு. ஆனா சாதாரணக் கல்லு இல்ல. அறுவது அடி ஆழக் கெணறு. உள்ள நாலு பேரு. அதுல ஒருத்தரு, தோ நிக்கிறாரு பாருங்க, எங்க சகல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல கிரேனு. பக்கெட்டுல இந்தப் பெரிய கல்லு ஏறுது. பாதி கெணறு வந்தாச்சு. படார்னு ஒரு சத்தம். ரோப்பு அறுவுது. கீழ நாலு பேரு நிக்கறாங்க, ஓட எடமில்ல. எங்க சகல என்ன பண்றாரு தெரியுமா?"

கிணறு நாற்பது அடிதான். கிரேனின் இரும்பு ரோப்பு அறுந்ததே இல்லை. அந்தக் கல் மேலே வந்தபோது நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் சொல்லச் சொல்ல வெள்ளரிப்பிஞ்சு அம்மாள்கூட, கூடையை விட்டுவிட்டு எழுந்து வந்து, "எல்லாம் இந்தச் சாமிதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்கே அவ்வளவு ஆசையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை ஒன்றுக்குப் போகவேண்டும் என்று அழ ஆரம்பித்தது. அதன் தாய், பெட்ரோல் பங்க் இருக்கிற இடத்துக்கு உடனே போகவேண்டும் என்றாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள். மீதிக் கதையை அவன் மைக்கில் சொல்லிக்கொண்டே போனான். முன்வண்டியில் எல்லோரும் கைதட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மாலையில் டீக்கடையில் அவனிடம் பேசினேன். "சகல, அன்னிக்கு நான் அப்பிடிச் சொன்னது..."

"எது? முட்டயா? அட விடுங்க சகல. ஒங்களாலதான் புதுசா ஒண்ணு கெடச்சிது. முட்டைக்கு இவ்ளோ கைதட்டு விழுந்ததே இல்ல" என்றான். டீக்கு உளுந்து வடை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். அந்தக் கதை எப்படி முடிகிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனிடம் போய் என் கதையை நான் கேட்பதா?

வீட்டுக்கு வந்தபோது என் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் போன். அவள் சித்தி, அதாவது அவன் மனைவி, வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். சவாரிக்கு வந்த யாரோ எடுத்து அவனுக்கு அனுப்பியது, அரை நிமிஷம்தான். ஏரிக்கரையில் அவன் பேசுவது, நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பக்கெட் ஏறுவது, படார் என்று ரோப்பு அறுந்துபோவது, அதோடு நின்றுவிடுகிறது.

"அவர்ட்ட பேசிட்டீங்களாப்பா?"

"பேசிட்டேன்."

"ரோப்பு அறுந்துச்சா? நெசமாவா? எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லியே."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் இத்தனை வருஷம் பலகை பலகையாகப் படித்தும் கிடைக்காதது, அவன் ஏரிக்கரையில் நின்று இரண்டு நிமிஷம் விட்ட கதையில் கிடைத்துவிட்டது. அதுவும் அவன் எனக்குக் கொடுத்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் பொய்யன் ஆவான், நான் மறுபடி கிணற்று மேட்டில் சோறு தின்றவன் ஆவேன்.

"முழுசா அறுவலம்மா" என்றேன். "ஒரு பிரிதான் அறுந்துச்சு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு என் மனைவியும் வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பறம் என்னாச்சுப்பா?" என்றாள் மகள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவனைத்தான் கேட்கவேண்டும்.